பொத்தான் உருண்ட பக்கம்

புதன்கிழமை காலை டார்கஸ் பிளென்கின் தெருவைக் கடந்து என் கடைக்குள் நுழைந்தாள். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த நான் கத்தியை வாளிக்குள் நழுவவிட்டேன். நாற்பது வருடம் எதிரெதிர்க் கடையில் இருந்திருக்கிறோம். ஒரு நாளும் அவள் என் வாசலை மிதித்ததில்லை. நான் மீன் வறுக்கிற மாட்டுக்கொழுப்பின் வாடை அவளுடைய கம்பளி நூலில் ஏறிவிடுகிறது என்பது அவள் கட்சி. பதினொன்றரைக்கு நான் அடுப்பைப் பற்றவைத்ததும் அவளுடைய மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்படும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

"மிஸ்டர் சக்டன், கொஞ்சம் வர முடியுமா? ஒண்ணு காட்டணும்," என்றாள்.

"என்னங்க ஆச்சு?"

"வந்து பாருங்க. வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அவள் கடை பதினேழாம் எண். பொத்தான், நூல்கண்டு, ரிப்பன், ஊசி, கம்பளி விற்கிற கடை. மாடியில் அவள் குடியிருப்பு. கடையின் நடுவில் நின்று, கொம்புப் பொத்தான் ஒன்றை விளிம்பில் நிற்கவைத்துத் தரையில் விட்டாள்.

பிளென்கின் கடையில் எது கீழே விழுந்தாலும் அது குளிர்காயும் கணப்பு இருக்கும் பக்கம்தான் உருளும் என்பது குளோவர்கேட் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பழைய வீட்டுத் தரையின் வாட்டம் அப்படி. தினமும் சாயங்காலம் கணப்பின் காலடியில் துடைப்பம் போட்டு, அன்றைக்கு விழுந்ததையெல்லாம் பொறுக்கி, அதனதன் இழுப்பறையில் சேர்த்துவிட்டுத்தான் அவள் கதவைப் பூட்டுவாள். அன்றைக்கு அந்தப் பொத்தான் ஒரு முழம் போயிற்று. தயங்கிற்று. பிறகு திரும்பி, இடதுபக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டு படுத்துவிட்டது. அந்தச் சுவருக்கு அப்பால் பத்தொன்பதாம் எண் வீடு.

"இது மூணாவது," என்றாள். "முத்து விட்டுப் பார்த்தேன், பித்தளை விட்டுப் பார்த்தேன். எல்லாம் அங்கதான் ஓடுது. அந்தச் சுவர்ப் பக்கத்து இழுப்பறை ஒண்ணும் திறக்கவும் மாட்டேங்குது."

பத்தொன்பதை அந்தத் திங்கட்கிழமைதான் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சேணம் தைக்கிறவர் கடை அது. அவர் செத்து, பல காலம் பூட்டிக் கிடந்தது. ஒரு கம்பெனி அதை வாங்கி, பின்பக்கம் கார் நிறுத்த இடம் போட்டு, அதற்கு வழிவிட இதைத் தரைமட்டமாக்கப் போகிறது. கூரை ஓடுகள் இறங்கியாயிற்று. வியாழக்கிழமை பத்து மணிக்குத் தெருவை அடைத்து, வீட்டைத் தாங்குகிற பெரிய உத்தரத்தில் கம்பி வடம் கட்டி, லாரியால் இழுப்பதாகத் திட்டம். டார்கஸ் நாலு கடிதம் எழுதினாள். நாலுக்கும் ஒரே பதில்தான் வந்தது: வீடு இரண்டும் வேறு வேறு, வரைபடத்தில் சுவர் இரண்டு, உங்கள் வீட்டுக்கு ஆபத்தில்லை.

"அந்தக் கம்பெனி எஞ்சினியர் பில்லிங்கிட்ட சொன்னேன். மழைக்கு மரம் ஊதும்மா, இழுப்பறை இறுகத்தான் செய்யும்னார். பொத்தான் உருளுறதும் மழையாலயான்னு கேட்டேன். சிரிச்சார்." அவள் குனிந்து அந்தப் பொத்தானை எடுத்தாள். "எனக்கு வேற வீடு இல்ல, மிஸ்டர் சக்டன். மேல அந்த அறையிலதான் பொறந்தேன்."

நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை கன்னங்கரேலென்று பலகைகள் அடித்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் கல்லறைக்குப் போய் இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இன்னொருத்தன் நான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சுவரை வந்தது, வாய்க்கு வரவில்லை. "அடுப்புல கொழுப்பு காயுதுங்க," என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அடுப்பையே நான் இன்னும் பற்றவைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னலைத்தான் அவள் இன்னும் சாத்தவில்லையே.

டார்கஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் கடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள் உண்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்துவைத்திருப்பாள். பொத்தான் தொலைந்த கோட்டைக் கொண்டுபோனால் ஒரு பார்வை பார்ப்பாள். நேராக ஓர் இழுப்பறைக்குப் போவாள். பொத்தான் அதில் இருக்கும். தப்பி நான் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் பொத்தானே வராதபோது, கல்யாணப் பெண் ஒருத்தி வந்து அழுதாள் என்று தன் கோட்டிலிருந்து ஆறையும் வெட்டிக் கொடுத்துவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் கோட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆனால் வாய் மட்டும் பொல்லாது. மெதடிஸ்ட் சபைக்காரி, பொய் வராது. புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எப்படியிருக்கிறது என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டால், "உங்க முகத்துக்கு எடுக்கல," என்பாள். அதனாலேயே பாதித் தெருவுக்கு அவளைப் பிடிக்காது. நான் மீதிப் பாதியில் சேர்த்தி.

பொய் சொல்லாத அவளுக்கு அப்பா வைத்துவிட்டுப் போன சோதனைதான் அந்தக் கறுப்புப் பலகைகள். அப்பா பெயர் ஈனக். கோடைகாலத்தில் பேராலயம் பார்க்க வருகிற கூட்டம் எங்கள் தெருவையும் பார்க்க வரும். ஈனக் கடைவாசலில் நின்று, "உள்ள வாங்க, ஐநூறு வருஷத்து உத்தரம் பாருங்க," என்று கூப்பிடுவார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டு நாலு கஜம் ரிப்பனாவது வாங்கிப் போவார்கள். அவர் போன பிறகும் கூட்டம் வந்தது. "இதெல்லாம் நிஜமாவே அவ்வளவு பழசா?" என்று கேட்டால் டார்கஸ், "அப்படித்தான் அப்பா சொல்வார்," என்பாள். அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் தலைநிமிர்ந்த பிறகும் அவள் மட்டும் குனிந்தபடியே இருப்பாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். அது போலிப் பலகை என்று அவளுக்குத் தெரியும். முழுக்கப் போலி என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. எனக்கு இருபத்திரண்டு வயது. டார்கஸின் சித்தி ஸ்கார்பரோவில் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று இவள் ஆறு வாரம் போயிருந்தாள். அந்தச் சமயம் பிளென்கின் கடையின் இடதுபக்கச் சுவர்ப் பூச்சு, ஈரத்தில் ஊறிப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். சுண்ணாம்புத் தூசிக்கு நடுவில் ஈனக் வெளிறிப்போய் நின்றார். பூச்சுக்குப் பின்னால் ஓக் மரத் தூண்கள், குறுக்கே என் இடுப்பளவு பருமனில் ஓர் உத்தரம். சாம்பல் நிறம், கோணல்மாணல், மேலெல்லாம் பூச்சி துளைத்த ஓட்டை.

இன்றைக்கு அப்படி ஒன்று அகப்பட்டால் படம் எடுக்க ஓடி வருவார்கள். அன்றைக்கு அது மரண தண்டனை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த முற்றத்து வீடுகளை, மனிதர் வாழ லாயக்கில்லை என்று அந்த வருடம்தான் வரிசையாக இடித்திருந்தார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தார். மரச்சுவர், பூச்சி, ஈரம் என்று மூன்று வார்த்தை அவர் எழுதினால் வீடு காலி.

"வில்ஃப், சுத்தியல் பிடிக்கத் தெரியுமாடா?" என்று கேட்டார் ஈனக்.

சாராயக்கடையில் உடைத்துப்போட்ட பெஞ்சுப் பலகைகளை வாங்கிவந்து, அடுப்புக் கரி மையும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து பூசி, நாலு நாளில் நானும் அவரும் அடித்து மூடினோம். ஒரு வாரம் என் கை கறுப்பாகவே இருந்தது. மீன் வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், அலங்காரப் பலகை என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார், போய்விட்டார். பிறகுதான் அதைக் காட்டியே கூட்டம் சேர்க்கலாம் என்ற யோசனை ஈனக்குக்கு வந்தது. மனிதர் எதையும் வீணாக்கமாட்டார்.

"பைபிள் மேல கை வை," என்றார். "உள்ள மரம் இருக்குன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. டார்கஸுக்கும் சொல்லக்கூடாது."

"டார்கஸுக்குமா? ஏன்?"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

கை வைத்தேன். அதுவாவது மன்னிக்கக்கூடியது. ஐம்பத்தொன்றில் நான் செய்தது அப்படியில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பட்டியல் எடுக்கிறோம் என்று லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் லேசில் கை வைக்க முடியாது. டார்கஸின் கடை வாசலில் நின்று, "இந்த உத்தரமெல்லாம் அசலாம்மா?" என்று கேட்டார். நேரான கேள்வி. அப்பா சொல்வார் என்று நழுவ வழியில்லை. "இல்லைங்க. போலி," என்றாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் வாசலிலிருந்து, "அதுக்கு ஆணி அடிச்சவனே நான்தாங்க! தேம்ஸ்ல மிதந்து வந்த ராஜாவோட கட்டில்னு எழுதிக்கங்க!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் நான் வேடிக்கை காட்டினேன். சத்தியம் தடுத்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வாங்குகிற ஆசைதான் காரணம். அதன் பிறகு அவளிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாளே.

ஆகவே அந்தப் புதன்கிழமையும் அவளிடம் சொல்லாமல், பில்லிங்கைத் தேடிப் போனேன். கையில் வரைபடச் சுருளோடு லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். சப்பாத்தில் ஒரு பொட்டுத் தூசியில்லை.

"ஐயா, அந்தச் சுவர்ல உள்ள பழைய மரம் இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மரமா இருக்கலாம். இழுத்தீங்கன்னா ரெண்டும் வந்துடும்."

"உங்க பேர்?"

"வில்ஃப் சக்டன். மீன் கடை."

காகிதக் கட்டைப் புரட்டினார். பல்லைக் காட்டினார். "இங்க பாருங்க. ஐம்பத்தொண்ணாம் வருஷ அறிக்கை. 'பதினேழாம் எண்: உத்தரங்கள் அண்மைக்காலப் போலி. உரிமையாளரும் எதிர்க்கடை மீன் வியாபாரியும் உறுதி செய்தனர்.' எதிர்க்கடை மீன் வியாபாரி யாரு?"

"நான்தாங்க," என்றேன்.

"போலிங்கறீங்க, அசல்ங்கறீங்க. மீனைப் பாருங்க சார், கருகிடப் போகுது," என்றார்.

அன்றைக்கு மீன் நிஜமாகவே கருகியது. இரண்டு தட்டுத் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஆணி பிடுங்குகிற சுத்தியலோடு டார்கஸ் கடைக்குப் போனேன். அவள் கல்லாப் பலகைக்குப் பின்னால் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ பயணம் போகிறவள்போல. ஆனால் எழுந்து போகிற எண்ணம் இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. தெருக்கோடியில் லாரி. அதிலிருந்து கம்பி வடம் பத்தொன்பதாம் எண்ணின் உடைந்த வாசல் வழியாக உள்ளே போயிருந்தது.

"மிஸ் பிளென்கின், வெளியில வந்துடுங்க."

"வரமாட்டேன். ரெண்டு சுவர்னு அவங்கதானே எழுதியிருக்காங்க. அப்புறம் எனக்கென்ன பயம்?"

"சுவர் ரெண்டு இல்லைங்க. ஒண்ணுதான்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பூச்சு விழுந்தது, உள்ளே இருந்த மரம், பைபிள், ஐம்பத்தொன்று எல்லாம்.

சுவருக்கு அப்பால், பத்தொன்பதின் மாடியில் யாரோ எதையோ புரட்டினார்கள். எங்கள் பக்கத்து இழுப்பறை ஒன்று தானாக அரை அங்குலம் வெளியே வந்து நின்றது.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றாள் கடைசியில். "பொய்க்கு நடுவுல உட்கார்ந்து வியாபாரம் பண்றேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூனிக் குறுகிப்போனேன். எதிர்ல நின்னு நீங்க பார்த்துக்கிட்டே மீன் வறுத்தீங்க."

"ஆமாங்க."

"பிடுங்குங்க."

எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று கைக்கு ஞாபகம் இருந்தது. முதல் பலகை கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. ஆனால் கடைவாசலை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்: பேராலயத்துக் கடிகாரம் பத்து அடித்ததும் லாரிக்காரன் இழுக்கவேண்டும் என்பது பில்லிங் உத்தரவு. மணி ஒன்பதரை. டார்கஸ் தெருவுக்குப் போய், இடிப்பு மேஸ்திரி ஆம்ப்ளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அறுபது வயது ஆள். அப்பாவும் தாத்தாவும் தச்சர்கள். காலம் இவரை இடிக்கிற வேலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

"அம்மா, எனக்கு மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ண முடியும்?" என்று முனகிக்கொண்டே வந்தவர், திறந்து கிடந்த தூணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெருவிரலில் எச்சில் தொட்டு ஓரிடத்தில் தேய்த்தார். உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. "அடுத்ததையும் பிடுங்குப்பா."

பிடுங்கினேன். அதிலும் கோடுகள், ஒன்று அதிகமாக. மூன்றாவது தூணைத் திறப்பதற்குள் பில்லிங்கும் வந்துவிட்டார்.

"இது மூணு, இது நாலு, இது அஞ்சு," என்றார் ஆம்ப்ளர். "அந்தக் காலத்துத் தச்சன் வீட்டைத் தரையில படுக்கப்போட்டுக் கோர்த்துப் பார்ப்பான். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் கீறுவான். பிரிச்சு எடுத்துவந்து நம்பர்படி நிறுத்துவான். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. நேத்து அந்தப் பக்கம் ஆறு, ஏழு, எட்டு பார்த்தேன். என்ன இது, ஆறுலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு நினைச்சேன். மடையன், யோசிக்கலியே." பில்லிங்கிடம் திரும்பினார். "சார், இது ஒரே வீடு. நடுவுல எவனோ தடுப்பு வச்சு ரெண்டாக்கி வித்திருக்கான். நீங்க வடம் கட்டியிருக்கற உத்தரம்தான் இங்க வந்து இந்தம்மாவோட மாடியத் தாங்குது."

"வரைபடத்துல ரெண்டு சுவர்," என்றார் பில்லிங். "இந்த ஆளே போலின்னு சொன்னதா அறிக்கையே இருக்கு. இந்தக் கோடுகளையும் இவனே கீறியிருப்பான்."

"அப்ப சோதிச்சுப் பாத்துடலாம். நான் அந்தப் பக்கம் போய் உத்தரத்துல மூணு அடி அடிக்கறேன். நீங்க இங்க நில்லுங்க."

ஆம்ப்ளர் போனார். டார்கஸ் முக்காலிமேல் ஏறி, உள்ளங்கையை உத்தரத்தில் வைத்தாள். பில்லிங் கைகட்டி நின்றார்.

முதல் அடி. டார்கஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அடிக்கு உத்தரத்தின் ஓட்டைகளிலிருந்து பொடி உதிர்ந்து பில்லிங்கின் தொப்பியில் விழுந்தது. மூன்றாவது அடியில் கல்லாமேல் இருந்த கத்தரிக்கோல் கிணுகிணுத்தது. பில்லிங் தொப்பியைக் கழற்றி அந்தப் பொடியைப் பார்த்தார்.

அப்போது பேராலயத்து மணி அடிக்கத் தொடங்கியது.

யாரும் லாரிக்காரனுக்குச் சொல்லவில்லை. அவன் தெருக்கோடியில், எஞ்சின் சத்தத்துக்குள், மணியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பில்லிங் "நிறுத்து" என்று கத்தியது கடைவாசல்கூடத் தாண்டவில்லை. நான் ஓடினேன். ஐம்பத்து நாலு வயது, தொந்தி, எண்ணெய் ஏறிய தோல்செருப்பு. குளோவர்கேட்டின் கூழாங்கற்களில் ஓடுவது எப்படி என்று யாராவது ஓடிப் பார்க்கட்டும். ஆறு. ஏழு. பக்கத்தில் தரையோடு கிடந்த வடம், லாரிக்காரன் முறுக்கேற்றத் தொடங்கியதும், மெல்ல எழும்பி என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. எட்டு. மருந்துக்கடைக்காரர் ஏதோ கேட்டார். பத்தாவது மணிக்கு லாரி முன்னால் போய் விழுந்து, சுத்தியலால் அதன் மூக்கில் ஓங்கி அடித்தேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று அவன் தலையை நீட்டினான். பிரேக் போட்டான். ஆனால் ஒரு முழம் இழுத்துவிட்டிருந்தான்.

என் முதுகுக்குப் பின்னால் வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முதலில் மரம் முனகியது. பிறகு மழை. ஓட்டுக்கூரைமேல் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி, ஆனால் உள்ளே. அவள் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நின்றிருக்கமாட்டாள். அதை நினைத்துக்கொண்டேதான் திரும்பி நடந்தேன், ஓடத் தைரியமில்லை.

வீடு நின்றது. முன்பக்கம் ஒரு கை அளவு சாய்ந்து நின்றது. வாசலில் பில்லிங் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார், சப்பாத்தெல்லாம் சுண்ணாம்பு. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகளில் பாதிக்குமேல் பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தன. டார்கஸ் முக்காலிமேலேயே இருந்தாள். கை இன்னும் உத்தரத்தில். தரையெல்லாம் பொத்தான். எலும்பு, கொம்பு, முத்து, பித்தளை, கண்ணாடி, ஆயிரக்கணக்கில் இடதுபக்கச் சுவரோடு போய்க் குவிந்து கிடந்தன.

"ஒண்ணுகூடக் கணப்புப் பக்கம் போகல," என்றாள். பிறகுதான் அழுதாள். நான் கீழே இறக்கிவிடக் கை நீட்டினேன். அவள், அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்திருந்த ஆம்ப்ளரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. வடம் அவிழ்த்தாயிற்று, இரண்டு வீட்டுக்கும் முட்டுக் கொடுத்தாயிற்று, கம்பெனி வேறு இடம் பார்த்துப் போயிற்று. தெருப் பெண்கள் ஒன்பது பேர் பதினொரு நாள் உட்கார்ந்து பொத்தான் பிரித்தார்கள். அவளைப் பிடிக்காத பாதித் தெருவிலிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள். நானும் போனேன். "உங்க கையில எண்ணெய்," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்றரைக்கு ஜன்னல் மட்டும் முன்னைவிடப் பலமாகச் சாத்தப்பட்டது.

ஏப்ரலில் லண்டனிலிருந்து பட்டியல் எடுக்க ஆள் வந்தார். இந்தத் தடவை ஒரு பெண்மணி. கடை வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார்: "இந்த உத்தரமெல்லாம் அசலாம்மா?"

டார்கஸ் கல்லாவைவிட்டு எழுந்து வெளியே வந்தாள். தெருவுக்குக் கேட்கும்படி, "அவரைக் கேளுங்க," என்று என்னைக் காட்டினாள். "போன தடவை அவர்தான் பதில் சொன்னார்."

தெருவே என்னைப் பார்த்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய், சமையல் அங்கியில் கை துடைத்துக்கொண்டு, முழுவதும் சொன்னேன். வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தூண் தூணாகப் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் கிளம்பப் பார்த்தேன்.

"இருங்க," என்றாள் டார்கஸ். "அப்பா உங்ககிட்ட சொல்லிட்டு எங்கிட்ட ஏன் மறைச்சார்னு இந்தக் குளிர்காலம் பூரா யோசிச்சேன். முதல்ல வயிறு எரிஞ்சுது. பெத்த பொண்ணைவிட மீன்காரன் பெரிசாப் போயிட்டானான்னு."

நான் அங்கியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"அந்த சானிட்டரிக்காரர் என்னை நேராக் கேட்டிருப்பார். நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். வீடு அன்னிக்கே போயிருக்கும். அப்பாவுக்கு என்னைத் தெரியும். உங்களையும் தெரியும். எதிர்க்கடை வில்ஃப் கண்ணிமைக்காமப் பொய் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் உங்க கையில சுத்தியலைக் கொடுத்திருக்கார்."

அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன். என்னை வில்ஃப் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மூலையில் பிடுங்கிப்போட்ட கறுப்புப் பலகைகள் சாத்தியிருந்தன. அதில் நீளமான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதை வாசலுக்கு மேல திரும்ப அடிங்க."

"இது போலிங்க."

"தெரியும். அடிங்க."

அடித்தேன். இரண்டு ஆணி வளைந்துபோயிற்று. அவள் வேறு ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

டார்கஸ் அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தாள். பார்க்க வருகிறவர்கள் அந்தச் சாம்பல் நிறக் கோணல் தூண்களை அசட்டை பண்ணிவிட்டு, வாசலுக்கு மேலே இருந்த கறுப்புப் பலகையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அது நிஜமாகவே பழசா என்று கேட்பார்கள். "இல்ல, அது பொய்," என்பாள் டார்கஸ். "எங்க அப்பா சொன்னது. நான் குடியிருக்கறதுக்காகச் சொன்னது." சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இடதுபக்கச் சுவருக்குப் போவாள். பொத்தான்கள் பிறகு ஒருநாளும் கணப்புப் பக்கம் திரும்பவில்லை.